எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்காராத எதிர்க்கட்சித் தலைவர்: அண்ணாவின் பத்து ஆண்டுகள்

தமிழ்நாட்டில் எதிர்க்கட்சி அரசியல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அண்ணா. ஆனால் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவர் பதவியில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. 1957இல் அவர் காஞ்சிபுரத்திலிருந்து உறுப்பினராகக் கோட்டைக்குள் நுழைந்தபோது அந்தப் பதவி வி.கே. ராமசாமி முதலியாரிடம் இருந்தது. 1962இல் தி.மு.க. 50 இடங்களுடன் பிரதான எதிர்க்கட்சி ஆனது. அண்ணாவோ அதே காஞ்சிபுரத்தில் தோற்றிருந்தார். நாற்காலி நெடுஞ்செழியனுக்குப் போனது. 1967இல் அண்ணா முதலமைச்சராகிவிட்டார்.

பதவியே இல்லாமல் ஒருவர் பத்து ஆண்டுகள் எதிர்க்கட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்தது எப்படி? அடுக்குமொழியையும் மேடையையும் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். பேச்சு பெரிய பலம்தான். பேச்சாளர்கள் அன்று எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அண்ணாவிடம் கூடுதலாக இருந்தது, தன் கோரிக்கைகளை ஒரு மாநில அரசு செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு வெட்டிச் சீராக்கும் திறமை. எதைக் கேட்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும், யாருக்கு எத்தனை இடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதில் அவர் எடுத்த முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் இது புலப்படும்.

பெட்டி வைத்துக் கேட்ட கேள்வி

தேர்தல் தோல்வி அண்ணாவுக்குப் புதிதில்லை. 1936இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றவர் அவர். அதன்பின் நீதிக்கட்சி, 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை, 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றிய தீர்மானம், 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கம் என்று வரிசையாகச் செல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே.

அதிகம் பேசப்படாத திருப்பம் 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில் நிகழ்ந்தது. தி.மு.க. 1952 தேர்தலில் போட்டியிடவில்லை. அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்ற கேள்வியைத் தலைமை தானே முடிவு செய்யாமல் மாநாட்டுக்கு வந்தவர்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டது. வேண்டும் என்போருக்கு ஒரு பெட்டி, வேண்டாம் என்போருக்கு ஒரு பெட்டி. வேண்டும் என்று விழுந்தவை 56,942. வேண்டாம் என்றவை 4,203.

இந்த எண்களை வெறும் வெற்றிக் கணக்காகப் பார்க்கக் கூடாது. தேர்தலில் நிற்பது கொள்கையை விற்பதாகும் என்று நினைத்தவர்கள் திராவிட இயக்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். பெரியாரே தேர்தலிலிருந்து விலகி நின்றவர். அந்த வாதத்தை அண்ணா மேடையில் மறுத்திருந்தால் கட்சிக்குள் பிளவு நீடித்திருக்கும். பெட்டி வைத்து எண்ணிவிட்டதால், தோற்ற தரப்புக்கும் முடிவில் பங்கு கிடைத்தது.

பதினைந்து பேர் என்ன செய்ய முடியும்

1957 தேர்தலில் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் பெற்ற கட்சி என்ற நிலையே இல்லை. வேட்பாளர்கள் சுயேச்சைகளாக நின்றார்கள். அங்கீகாரமும் உதயசூரியன் சின்னமும் 1958இல்தான் வந்தன. சட்டமன்றத்துக்கு 15 பேரும் மக்களவைக்கு 2 பேரும் தேர்வானார்கள். அரசினர் தோட்டத்தில் நடந்துவந்த பேரவை அந்த ஆண்டுதான் மறுபடி புனித ஜார்ஜ் கோட்டைக்குத் திரும்பியது. ஆளும் காங்கிரசுக்கு 151 பேர். எதிரே இந்தப் பதினைந்து.

பதினைந்து பேரால் எந்த மசோதாவையும் தடுக்க முடியாது. அரசைக் கவிழ்க்கவும் முடியாது. அவர்களிடம் இருந்தவை மூன்றே கருவிகள்: கேள்வி நேரம், தீர்மானங்கள், மானியக் கோரிக்கை விவாதத்தில் வெட்டுத் தீர்மானம். வெட்டுத் தீர்மானம் என்பது ஒரு துறைக்குக் கேட்கும் தொகையிலிருந்து பெயருக்கு ஒரு சிறு தொகையைக் குறைக்கச் சொல்வது. அது நிறைவேறாது என்பது கொடுப்பவருக்கே தெரியும். ஆனால் அந்தத் துறையைப் பற்றிக் குறிப்பாகப் பேசவும், அமைச்சரைக் குறிப்பாகப் பதில் சொல்ல வைக்கவும் அதுதான் வழி. பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு அதை மேடையிலும் கட்சி ஏட்டிலும் எடுத்து ஆளலாம்.

அன்று குளித்தலையிலிருந்து வந்திருந்த 32 வயது மு. கருணாநிதியின் கன்னிப் பேச்சு இதற்கு நல்ல மாதிரி. அவர் பேச எடுத்துக்கொண்டது தன் தொகுதிக்குள் இருக்கும் நங்கவரம் பண்ணையின் உழவர் பிரச்சினையை. ஓர் ஊர், ஒரு பண்ணை, பெயர் சொல்லிக் காட்டக்கூடிய உழவர்கள். பொதுவாகப் பேசினால் அமைச்சர் பொதுவாகப் பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகத்தான் பதில் சொல்ல வேண்டும். புதிதாக அவைக்குப் போகும் எந்த எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் இன்றும் இது பொருந்தும். தலைப்பு பெரிதாகப் பெரிதாகப் பதில் நீர்த்துப்போகும்.

சட்டமன்றத்தில் பதினைந்து பேர் இருந்த அதே காலத்தில், 1959இல், சென்னை மாநகராட்சியின் 100 இடங்களில் 45ஐ தி.மு.க. பிடித்தது. கம்யூனிஸ்டுகளின் ஆதரவுடன் அ.பொ. அரசு மேயரானார். என் கணிப்பில் 1967 வெற்றிக்கான உண்மையான ஒத்திகை இதுதான். குப்பை, குடிநீர், தெருவிளக்கு, வரி என்று கோப்பு பார்த்துப் பழகிய ஆட்கள் கட்சிக்குக் கிடைத்தார்கள். பெரும்பான்மைக்கு ஆறு இடம் குறைந்தால் யாரிடம் போய்ப் பேசுவது என்ற பழக்கமும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில்தான் வந்தது.

தோல்வியும் மாநிலங்களவையும்

1962இல் காமராஜர் அந்தப் பதினைந்து பேரையும் ஒவ்வொருவராகக் குறிவைத்தார். கட்சி 15இலிருந்து 50க்கு உயர்ந்தது. ஆனால் பழைய பதினைந்து பேரில் மீண்டும் வென்றவர் தஞ்சாவூருக்குத் தொகுதி மாறிய கருணாநிதி ஒருவர்தான். அண்ணாவைத் தோற்கடித்தவர் பேருந்து நிறுவன உரிமையாளர் நடேச முதலியார். தலைவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்சியை வளரவிட்ட விசித்திரமான தேர்தல் அது.

ஐம்பது உறுப்பினர்கள் இருந்தால் மாநிலங்களவையில் ஓர் இடம் உறுதி. கணக்கு எளிது. மொத்த சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையை, நிரப்பப்படும் இடங்களுடன் ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, ஈவுடன் ஒன்று சேர்க்க வேண்டும். இன்றைய 234 பேர், 6 இடம் என்றால் 234ஐ ஏழால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டினால் 34. அன்றைய பேரவையில் 206 பேர்தான் என்பதால் தேவை இன்னும் குறைவு. அண்ணா டெல்லி சென்றார்.

1962 மே 1 அன்று குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி சொல்லும் விவாதத்தில் பேசிய முதல் உரையில், தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்றும், அதனால் மற்றவர்களுக்குப் பகைவன் அல்ல என்றும் சொல்லி, திராவிட நாடு தனியே வேண்டும் என்ற பிரிவினைக் கோரிக்கையை முன்வைத்தார். மாநிலத்தில் பதினைந்து பேருடன் பேசியதை நாடு கேட்கவில்லை. டெல்லியில் பேசியதை நாடு கவனித்தது. தோல்வி அவருக்குப் பெரிய மேடை ஒன்றைத் தந்துவிட்டது.

கைவிட்ட கோரிக்கை

அடுத்த ஆண்டே சிக்கல் வந்தது. சீனப் போருக்குப் பின் 1963இல் வந்த அரசமைப்பின் 16ஆவது திருத்தம், சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடும் ஒவ்வொரு வேட்பாளரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. இது வென்றபின் எடுக்கும் உறுதிமொழி அன்று. வேட்புமனு கொடுத்தபின், பரிசீலனை நாளுக்கு முன்பே, தேர்தல் அலுவலர் முன்னால் எடுக்க வேண்டியது. எடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. இன்றும் மனுத்தாக்கல் நாளில் வேட்பாளர்கள் எழுந்து நின்று ஒரு தாளைப் பார்த்து வாசிக்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

தி.மு.க.வுக்கு இரண்டே வழிகள் இருந்தன: தேர்தலை விடுவது அல்லது திராவிட நாட்டை விடுவது. அண்ணா மாநிலங்களவையில் திருத்தத்தை எதிர்த்துப் பேசினார். சட்டமான பிறகு கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே அண்ணா கைவிட்டார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. திருச்சியில் 56,942 பேர் போட்ட சீட்டு தேர்தல் பாதைக்குக் கொடுத்த ஆணை. அந்தப் பாதையை மூடிவிட்டுப் பழைய முழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் கட்சி சில ஆண்டுகளில் கரைந்திருக்கும். கோரிக்கையை விட்டார், அதற்குக் காரணமான மொழி, நிதி, அதிகாரப் பகிர்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த மாநில சுயாட்சிக் கோரிக்கை இந்தப் பிரிப்பிலிருந்து முளைத்ததுதான்.

மொழியில் அவர் பிடித்த பிடி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1963 ஆட்சிமொழிச் சட்டம் சான்று. 1965 ஜனவரி 26க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’ என்றது அதன் 3ஆவது பிரிவு. ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த வாக்குறுதி இந்த ‘லாம்’ என்ற விகுதியில் தொங்கியது. பயன்படுத்தப்பட ‘வேண்டும்’ என்று எழுதினால்தான் அது உறுதி. ‘லாம்’ என்றால் அடுத்த அரசு நிறுத்தவும் செய்யலாம் என்பதே எதிர்த்தவர்களின் வாதம். 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதி அளிக்க வேண்டியிருந்தது. அந்த உறுதி சட்டமானது 1967 திருத்தத்தில்தான். இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றும் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்ட பிறகே ஆங்கிலத்தை நிறுத்த முடியும் என்று அது சொல்கிறது.

1967: வாக்கு அல்ல, இடப்பங்கீடு

இந்தத் தேர்தலைக் காங்கிரஸ் எதிர்ப்பு அலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். எண்கள் வேறு கதை சொல்கின்றன. 1962இல் காங்கிரஸ் பெற்ற வாக்கு சுமார் 46 விழுக்காடு, இடங்கள் 206இல் 139. 1967இல் வாக்கு சுமார் 41 விழுக்காடு, இடங்கள் 234இல் 51. ஐந்து விழுக்காடு சரிந்ததில் ஒரு பேரரசே கவிழ்ந்தது. தி.மு.க. பெற்ற வாக்கு காங்கிரசைவிடச் சற்றுக் குறைவு, 40.7 விழுக்காடு. ஆனால் இடங்கள் 137.

விடை இடப்பங்கீட்டில் இருக்கிறது. தி.மு.க. 174 தொகுதிகளில்தான் நின்றது. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு தொகுதிகளைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டது. ஒரு பக்கம் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மறு பக்கம் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, கூடவே காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக், சோஷலிஸ்ட் கட்சிகள். ஒரே மேடையில் நிற்கக் காரணமே இல்லாதவர்கள். 1938இல் அண்ணா சிறை சென்றது ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை எதிர்த்து என்பதை நினைத்துப் பாருங்கள். 1962இல் சிதறிக் கிடந்த காங்கிரஸ் அல்லாத வாக்குகளை ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே வேட்பாளரிடம் கொண்டுவந்து சேர்த்ததுதான் அண்ணா செய்த வேலை. சுதந்திராவுக்கு 20, மார்க்சிஸ்டுகளுக்கு 11 இடங்கள் கிடைத்தன. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜரே தோற்றார்.

அரிசித் தட்டுப்பாடும் மாணவர் போராட்டத்தின் சூடும் இல்லாமல் இந்தக் கணக்கு மட்டும் வென்றிருக்காது. ஆனால் அவை மட்டும் இருந்து பங்கீடு இல்லாதிருந்தால், 41 விழுக்காட்டுடன் காங்கிரஸ் மீண்டும் ஆட்சியில் அமர்ந்திருக்கக்கூடும். பெரிய கட்சி எத்தனை இடத்தை மனதார விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் கூட்டணி நிற்கும். இந்தப் பாடத்தைக் கோபாலபுரமும் போயஸ் தோட்டமும் பின்னால் பலமுறை படித்தன, சில முறை மறந்து தோற்றன.

அண்ணா அந்தத் தேர்தலில் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்தார். அதை விட்டுவிட்டு, ஆறு மாத அவகாசத்துக்குள் சட்டமேலவை உறுப்பினரானார். 1967 மார்ச் 6 அன்று அவருடன் சேர்த்து ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவை பொறுப்பேற்றது.

பட்டியலில் எது நடந்தது

எதிர்க்கட்சியாக இருந்தபோது கேட்டதில் எதை முதலில் செய்தார் என்பதே முன்னுரிமைக்குச் சரியான உரைகல்.

சுயமரியாதைத் திருமணம் அதில் முதன்மையானது. புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் பல்லாயிரம் திருமணங்கள் நடந்துகொண்டிருந்தன. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாலை மாற்றி வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை என்னாகும் என்ற கேள்வி வீடுதோறும் எழுந்தது. காங்கிரஸ் ஆட்சி அதற்குத் தீர்வு தரவில்லை. அண்ணா அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று போதும். ‘அல்லது’ என்ற அந்தச் சொல்தான் சட்டத்தின் உயிர். ‘மற்றும்’ என்று எழுதியிருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். சட்டத்துக்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்று சேர்த்ததால் பழைய தம்பதிகளின் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. திருமணம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்திலிருந்து மாறுபடும் இந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவைப்பட்டது. 1968 ஜனவரியில் அது கிடைத்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்குப் பொது அறிவிப்போ பெருங்கூட்டமோ வேண்டியதில்லை என்று சொன்னது. ஒரு எதிர்க்கட்சியின் பழைய கோரிக்கை 56 ஆண்டு கழித்தும் உயிரோடு வேலை செய்கிறது.

மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றுவது இரண்டாவது. பெயரை மாற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு இல்லை; அது நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. 1963இல் மாநிலங்களவையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை ஆதரித்து அண்ணா பேசினார். பெயரை மாற்றி என்ன காணப்போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், நாடாளுமன்ற அவைகளுக்கு லோக் சபா, ராஜ்ய சபா என்று பெயர் வைத்து நீங்கள் என்ன கண்டீர்கள் என்று திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. முதலமைச்சரானதும் 1967 ஜூலை 18 அன்று பேரவையில் தீர்மானம் கொண்டுவந்தார். காங்கிரசும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றியது. நாடாளுமன்றச் சட்டம் 1968இல் வந்தது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபது நாட்களில், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்தார்.

அரிசிதான் சறுக்கிய இடம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது தேர்தல் முழக்கம். ‘லட்சியம்’, ‘நிச்சயம்’ என்று இரண்டு அடுக்கு வைத்ததே அண்ணாவின் எச்சரிக்கையைக் காட்டுகிறது. அந்த ‘நிச்சயம்’கூட சென்னையிலும் கோவையிலும் மட்டுமே தொடங்கியது, மாநிலம் முழுக்க விரிக்க முடியவில்லை. கொள்முதல் விலைக்கும் ஒரு ரூபாய்க்கும் இடையிலான தொகையை அரசு ஒவ்வொரு படிக்கும் ஏற்க வேண்டும், அட்டைகள் பெருகப் பெருக அந்தத் தொகையும் பெருகும். திருமணச் சட்டத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் கருவூலத்திலிருந்து பெரிதாக எதுவும் தேவையில்லை. அரிசிக்குத் தேவை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது இந்த இரண்டு வகைக் கோரிக்கைகளும் மேடையில் ஒரே எடையில் ஒலிக்கும். கோட்டைக்குப் போன பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, பட்டியலில் உரிய இடம் பெறாமலே போனது: நிலமும் கூலியும். நங்கவரம் உழவரைப் பற்றிப் பேரவையில் பேசிய கட்சிதான் இது. ஆனாலும் விவசாயத் தொழிலாளரின் கூலி, மொழியைப் போல, பெயரைப் போல, தி.மு.க.வின் முதல் வரிசைக் கோரிக்கையாக எப்போதும் இருக்கவில்லை. கீழத்தஞ்சையில் அந்தக் களம் கம்யூனிஸ்டுகளிடம் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அண்ணா அப்போது நோயில் இருந்தார், ஆட்சி அவருடையது. கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையமும், கீழத்தஞ்சைக்கான விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் அதற்குப் பிறகு, 1969இல்தான் வந்தன.